இடப்பக்கக் கண்ணாடி

எங்கள் திருகோணமலையில் தூரத்தை இன்னமும் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறோம். மைல் கற்கள் போய்க் கிலோமீற்றர் கற்கள் வந்து பல காலமாகிவிட்ட போதிலும், மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று சொன்னால்தான் முச்சக்கர வண்டிக்காரருக்கு இடம் விளங்கும். நான் உப்புவெளியிலிருந்து கிண்ணியாவிலுள்ள ஒரு பாடசாலைக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் சென்று விஞ்ஞானம் கற்பிப்பவள். கண்டி வீதியில் ஏறி, சீனன்குடாவைக் கடந்து, கிண்ணியாப் பாலத்தால் அக்கரை சேரும் அந்த வழியில் எனக்கு முன்னும் பின்னும் செல்பவை பெரும்பாலும் பெரிய வாகனங்களே. மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்க் குதங்களும் துறைமுகத்தைச் சுற்றி அமைந்துவிட்ட ஊரில் வேறெப்படி இருக்க முடியும்? கோதுமை மா ஏற்றிய லொறி, எரிபொருள் பவுசர், மகாவலி மணலுடன் வரும் டிப்பர், அறுவடைக் காலமானால் தம்பலகாமத்திலிருந்து நெல் மூட்டைகளோடு அசைந்து வரும் உழவு இயந்திரம் என்று காலை ஆறரை மணிக்கே வீதி நிறைந்துவிடும்.

சென்ற ஆண்டு மாரி தொடங்கியிருந்த ஒரு காலையில், சீனன்குடாவுக்கு இப்பால் ஒரு கிளை வீதி பிரியும் இடத்தில், எனக்கு முன்னால் சென்ற பத்துச் சில்லு லொறி ஒன்று வேகத்தைக் குறைத்து வலப்பக்கமாக விலகியது. அது எதையோ முந்தப் போகிறது அல்லது எனக்கு வழிவிடுகிறது என்று எண்ணிக்கொண்டு, அதன் இடப்புறம் திறந்த இடைவெளிக்குள் நான் ஸ்கூட்டரை விட்டேன். லொறியின் முகம் வலமிருந்து மீண்டு இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியபோதுதான், அது கிளை வீதிக்குள் நுழையவே அவ்வாறு விலகியது என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் அதன் நடுப்பகுதி என்னை வீதி ஓரத்தை நோக்கி நெருக்கத் தொடங்கிவிட்டது. பிரேக்கை அழுத்தினேன், சரளைக் கல்லில் சில்லு வழுக்கியது, ஸ்கூட்டரோடு விழுந்தேன். பின் சில்லுகள் என் காலிலிருந்து ஒரு முழத் தூரத்தில் உருண்டு போயின. என் கையில் சிராய்ப்பு, ஸ்கூட்டரின் கண்ணாடி ஒன்று உடைவு. சேதம் அவ்வளவே. லொறி நிற்காமல் போய்விட்டது.

தேநீர்க் கடையிலிருந்து ஓடி வந்த ஐயா ஒருவர் என்னைத் தூக்கிவிட்டு, சாரதியின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினார். நானும் மூன்று நாட்களாக, அகப்பட்ட எல்லோரிடமும் அந்தச் சாரதியைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். நான்காம் நாள் என் மாமாவிடம் சொன்னேன். அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாக லொறி ஓட்டுபவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ அங்க நிண்டதே அவனுக்குத் தெரிஞ்சிராது, பிள்ளை" என்றார். சாரதிகள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நான் முகத்தைச் சுளித்தேன். மாமா விவாதிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரையும் கொண்டு வீட்ட வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் அவருடைய வீட்டு வளவில் லொறி நின்றது. என்னைச் சாரதி இருக்கையில் ஏற்றி அமர்த்திவிட்டு, மாமா என் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு லொறியைச் சுற்றி வந்தார். அவர் எங்கே நிற்கிறார் என்று கண்ணாடிகளைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். வலப்பக்கத்தில் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. பின்னால் போனதும் அவர் மறைந்தார். அதை நான் எதிர்பார்த்தேதான் இருந்தேன். இடப்பக்கத்துக்கு வந்தபோது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்துவிட்டு, முன் கதவை ஒட்டி வந்ததும் முற்றாக இல்லாமற் போனார். நான் இடப்புறக் கதவின் யன்னலைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், மீண்டும் யன்னலைப் பார்த்தேன். ஆள் இல்லை. ஸ்கூட்டரின் ஹோர்னை அவர் அடித்தபோதுதான், எனக்கு இரண்டு முழம் கீழே, கதவுக்கு நேராக நிற்கிறார் என்பது தெரிந்தது. பிறகு ஆறு வயதுப் பேரனை லொறியின் முன்புறத்துக்கு அழைத்து வந்து நிறுத்தினார். முன் கண்ணாடியூடாக எனக்குத் தெரிந்தது வேலியும் முருங்கை மரமும் மட்டுமே. சிறுவன் நான்கு எட்டுப் பின்வாங்கிய பின்னர்தான் அவனுடைய தலைமயிர் தெரிந்தது.

நம் நாட்டில் வாகனம் வீதியின் இடப்பக்கம் செல்கிறது, சாரதி வலப்பக்கம் இருக்கிறார். ஆகவே அவருக்குத் தூரமான பக்கம் இடப்பக்கம். சைக்கிள்காரரும் ஸ்கூட்டர்காரரும் நடந்து செல்பவரும் வீதி ஓரத்தை நம்பி ஒதுங்குவதும் அதே இடப்பக்கம். மிகக் குறைவாகத் தெரியும் பக்கத்தில், மிக எளிதாக நசுங்கக்கூடியவர்கள் நிற்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக நம் குடும்பத்தில் ஒரு லொறிச் சாரதி இருந்தும், விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இது தெரிந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த லொறி ஏன் வலப்பக்கம் விலகியது என்பதையும் மாமா ஒரு தடியால் மண்ணில் கீறிக் காட்டினார். நீளமான வாகனம் திரும்பும்போது முன் சில்லுகள் போன வழியே பின் சில்லுகள் போவதில்லை. அவை திருப்பத்தின் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு போகின்றன. வாகனம் நீள நீள அந்த வெட்டும் கூடும், கொள்கலன் ஏற்றிய இழுவை லொறி என்றால் இன்னும் கூடும். ஓரக் கல்லில் பின் சில்லு ஏறாமல் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், சாரதி முதலில் வலப்பக்கம் விலகித்தான் ஆக வேண்டும். அப்போது இடப்புறத்தில் ஒரு வாசல் திறந்ததைப் போல இடைவெளி தோன்றுகிறது. பின்னால் வருபவர் அதை வாசல் என்று நம்புகிறார், சற்று நேரத்தில் அது மூடிக்கொள்கிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தச் சாரதியின் இடப்பக்கச் சிக்னல் எரிந்துகொண்டிருந்திருக்கவும் கூடும். சேறு படிந்த விளக்கை நான் பார்க்கவில்லை. அதைத் துடைக்காதது அவருடைய பிழை. இரண்டு வினாடி பொறுத்துப் பார்க்காதது என்னுடையது.

இவ்விடத்தில் சாரதிகளுக்குள் உள்ள ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பின்னால் வருபவர் முந்திச் செல்லலாம் என்று தெரிவிக்கச் சிலர் சிக்னலைப் போடுகிறார்கள், சிலர் யன்னலால் கையைக் காட்டுகிறார்கள். உதவி செய்யும் மனத்தோடு செய்வதுதான். ஆனால் திரும்புவதற்கும் வழிவிடுவதற்கும் ஒரே விளக்கைப் பயன்படுத்தினால், அதைப் பார்ப்பவர் எதை நம்புவது? அந்த விளக்கு அனுமதிப் பத்திரம் அன்று. முன்னால் வீதி வெறுமையாக இருக்கிறதா என்பதை என் கண்ணால் காணும் வரை, எவர் கையசைத்தாலும் நான் முந்துவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன்.

முந்துவதைப் பற்றித் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் 12 மீற்றர் நீள லொறியை, 65 கிலோமீற்றரில் செல்லும் மோட்டார் சைக்கிள் முந்துகிறது. பின்னால் 20 மீற்றரிலிருந்து தொடங்கி, முந்திய பின் முன்னால் 20 மீற்றர் விட்டு மீண்டும் இடப்பக்கம் வர வேண்டும். இருவருக்குமிடையே வேக வித்தியாசம் 15 கிலோமீற்றர்தான். ஆகவே அந்த 52 மீற்றரைக் கடக்கப் பன்னிரண்டரை வினாடி ஆகும். அதற்குள் மோட்டார் சைக்கிள் ஓடும் தூரம் 225 மீற்றர். எதிரே 60 கிலோமீற்றரில் இன்னொரு வாகனம் வந்தால் அது அந்த நேரத்தில் 208 மீற்றர் நெருங்கியிருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போதே ஏறத்தாழ 430 மீற்றர் வீதி தெளிவாகத் தெரிய வேண்டும். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். "பாலத்தின்ர முழு நீளத்துக்கும் கூடவா, டீச்சர்?" என்று கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் கேட்டான். அவனுடைய அண்ணன் மணல் டிப்பர் ஓட்டுபவர். அவன் அதே பாலத்தடியில் எத்தனை முந்தல்களைப் பார்த்திருப்பான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

நிற்பதற்கும் அப்படியொரு கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை வினாடி சென்றால், அதற்குள்ளேயே 25 மீற்றர் போய்விட்டது. காய்ந்த தார் வீதியில் ஒரு கார் மேலும் 20 மீற்றரளவில் நின்றுவிடும். பாரம் ஏற்றிய லொறிக்கு 30 மீற்றருக்கு மேல் வேண்டும். அத்துடன் பெரிய லொறிகளில் இருப்பது காற்றழுத்தத்தால் இயங்கும் எயார் பிரேக்; மிதித்ததும் காற்று குழாய்களூடாகப் பின் சில்லுவரை சென்று சேர அரை வினாடியளவு எடுக்கும், அதில் இன்னுமோர் எட்டு மீற்றர். ஒக்டோபரிலிருந்து எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டால் இந்தத் தூரங்கள் எல்லாம் நீளும். பவுசருக்கு வேறொரு தொல்லை: தாங்கி பாதி நிறைந்திருக்கும்போது உள்ளிருக்கும் திரவம் பிரேக் பிடித்த பின்னரும் முன்னோக்கி மோதும், வளைவில் பக்கவாட்டில் அலைந்து வண்டியைச் சரிக்கப் பார்க்கும். முன்னோக்கி மோதுவதைக் குறைக்கத்தான் தாங்கிக்குள் தடுப்புகள் வைக்கிறார்கள். லொறிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைக் கண்டதும் அதற்குள் புகுந்து, பிறகு வேகத்தைக் குறைக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கு, அந்த இடைவெளி சாரதி சோம்பலால் விட்ட வெற்றிடமாகத் தெரிகிறது. உண்மையில் அது சாரதி தன் பிரேக்குக்கென ஒதுக்கி வைத்த நிலம்.

இதையெல்லாம் எழுதுகையில் ஒரு தயக்கமும் எழுகிறது. வீதிப் பாதுகாப்பு வாரம் வந்தால் பாடசாலைக்கு வரும் பதாகைகளில் "பொறுப்பு எல்லோருக்கும் உரியது" என்று இருக்கும். தவறில்லாத வாக்கியம், ஆனால் எல்லோருக்கும் உரியது என்று சொல்லிவிட்டால், இறுதியில் அது விழுந்தவர் தலையில்தான் போய் அமர்கிறது. பாதி அவர் மேல், பாதி இவர் மேல் என்று கூறு போடுவது நீதியைப் போலத் தோன்றும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருத்தியும் இருபதாயிரம் கிலோ எடையுள்ள ஒரு வாகனமும் மோதினால், பிழை பாதிப் பாதியாக இருந்தாலும் உயிர் அவ்வாறு பிரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் வீதிகளில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்கள். பாரம் கூடியவருக்குப் பொறுப்பும் கூட வேண்டும். அதை நான் சொன்னபோது மாமா மறுக்கவில்லை. "பாரம் கூடினவன் எண்டா என்னை மட்டும் பாக்காத, ஏத்தி விட்டவனையும் பார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்தப் பதிவையே எழுதத் துணிந்தேன். மாமாவுக்கு மாதச் சம்பளம் சிறியது. மீதி நடைக் கணக்கு. இரவு மா மூட்டைகளோடு புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓடி, விடியற்காலையில் இறக்கிவிட்டுத் திரும்பினால் ஒரு நடை. வாரத்தில் எத்தனை நடை என்பதைப் பொறுத்தே வீட்டில் அடுப்பெரியும். ஹபரணைக் காட்டு வீதியில் யானை நிற்கும், மெதுவாகப் போக வேண்டும். ஆனால் காலை எத்தனை மணிக்குள் கடைக்குச் சரக்குச் சேர வேண்டும் என்று முதலாளியும் வியாபாரியும் பேசிக்கொள்ளும் நேரத்தில் யானைக்கு இடமில்லை. நித்திரை வந்தால் தம்புள்ளையில் ஒரு மணித்தியாலம் கண் அயர்ந்துவிட்டுப் போ என்று சொல்லும் முதலாளி அவருக்கு ஒரு காலத்தில் இருந்தாராம். இப்போதிருப்பவர் தொலைபேசியில் "எங்க நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்பவர்.

முன்பு ஒவ்வொரு லொறியிலும் ஒரு கிளீனர் இருப்பார். சாரதிக்கு இடப்பக்கம் அமர்ந்து, யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வரட்டும், வரட்டும், நில், சைக்கிள் ஒண்டு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். பின்னோக்கி எடுக்கும்போது இறங்கி நின்று லொறியின் உடலைத் தட்டுவார். லொறியின் இடப்பக்கக் கண் அவர்தான். சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக மாமாவின் முதலாளி மூன்று ஆண்டுகளுக்கு முன் கிளீனரை நிறுத்திவிட்டார். ஏற்றி இறக்க இரு பக்கமும் நாட்டாமைகள் இருக்கையில் அவர் எதற்கு என்பது முதலாளியின் கேள்வி. நாட்டாமைகள் மூட்டை தூக்குவார்கள். ஓடும் வழியில் இடப்பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்க அவர்கள் வருவதில்லை. அந்தக் கிளீனர் பையனுடைய சம்பளம் சேமிக்கப்பட்டது. அவனுடைய இடத்தில் இருந்து பார்க்கும் வேலை, ஒரு சொல்லும் இல்லாமல், ஸ்கூட்டரில் செல்லும் எனக்கு மாற்றப்பட்டுவிட்டது. அந்தக் கைமாற்றத்தை எனக்கு எவரும் அறிவிக்கவில்லை.

பிற நாடுகள் இதை வேறுவிதமாகவும் பார்த்திருக்கின்றன. 1997இல் சுவீடன் பாராளுமன்றம், மனிதர் தவறு செய்யத்தான் செய்வர், அத்தவறு மரணத்தில் முடியாதவாறு வீதியையும் வாகனத்தையும் அமைப்பது அவற்றை அமைப்போரின் பொறுப்பு என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. லண்டனில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு, சாரதி தன் இருக்கையிலிருந்து கண்ணாடிகளின் உதவியின்றி நேராக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை அளந்து பூச்சியம் முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் முதல் அனுமதி இல்லாமல் நகருக்குள் வந்தால் தண்டம். 2024 ஒக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கூடுதல் கமராக்களும் உணரிகளும் பொருத்தினால்தான் வரலாம். திருகோணமலைக்கு நாளைக்கே அது வரும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் "சாரதிக்கு என்ன தெரிகிறது?" என்ற கேள்வியை ஒரு நகரம் சட்டமாக்கியிருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் லொறிகளும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெற்றுத்தான் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கின்றன. சோதனைக்குப் போகும் நாளில் கண்ணாடி இருக்கும். சோதனைக்கு மறுநாள் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இரவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக் குறையாகிவிடும். எனக்கு ஓடும் லொறியைவிட நிற்கும் லொறியில்தான் பயம் அதிகம். பழுதாகி, விளக்கு அணைந்து, வீதியில் பாதி உடலை வைத்துக்கொண்டு நிற்கும் டிப்பரின் பின்புறம், அதன் மேல் மோதும் வரை இருளோடு இருளாகவே இருக்கும். அதன் பின்விளிம்பு மோட்டார் சைக்கிள்காரரின் நெஞ்சு உயரத்தில் இருப்பதால் தலைக்கவசம் அங்கே பெரிதாக உதவுவதில்லை. மரக்கொப்பை ஒடித்துப் பின்னால் போடுவது நம் ஊர் எச்சரிக்கை. பகலில் சரி, இரவில் கொப்பும் சேர்ந்தே தெரியாது. ஒளி தெறிக்கும் சிவப்பு முக்கோணப் பலகை ஒன்றைச் சாரதி இருக்கைக்குக் கீழே வைத்திருப்பதும், அதை ஐம்பது எட்டுக்குப் பின்னால் கொண்டு போய் வைப்பதும் பெரிய காரியங்கள் அல்ல. நெல் மூட்டைகளோ வைக்கோலோ ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகளின் பின்புறத்தில் ஒரு துண்டுச் சிவப்புத் தாள்கூட இல்லாமல் மாலை மங்கிய பின் வீதிக்கு வருபவர்களிடம், அவர்கள் என் மாணவர்களின் தந்தையராக இருந்தும், நான் சண்டையே பிடித்திருக்கிறேன். 2022இல் எரிபொருளுக்கு லொறிகள் நாட்கணக்கில் வீதி ஓரமாக வரிசையில் நின்றபோது, எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே எண்ணெய் இல்லாத அந்த வேடிக்கைக்கு நடுவிலும், அவற்றுக்கிடையே தெருவைக் கடந்த பிள்ளைகளை நினைத்து எனக்கு நடுக்கமாகத்தான் இருந்தது.

மாடுகளின் கதையும் அதுவே. மழைக்காலத்தில் நிலம் குளிர்ந்துவிட, பகல் வெயிலின் சூடு கொஞ்சம் தங்கியிருக்கும் தார் வீதியில் இரவில் அவை வந்து படுத்துக்கொள்ளும். நகருக்குள் கோட்டைப் பக்கம் புள்ளிமான்களும் வீதியில் திரியும். அவற்றைப் பார்க்க நாமே வாகனத்தை நிறுத்துகிறோம், அது அழகு. கறுத்த மாடு ஒன்று நிலாவெளி வீதியில் கிடப்பது அழகன்று. பாரம் ஏற்றிய லொறி அதைத் தவிர்க்க வெட்டித் திருப்பினால் எதிரே வருபவர் பலி, திருப்பாவிட்டால் மாடு பலி, பின்னால் ஒட்டி வருபவருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த இரவில் வீதியிலேயே இல்லாமல் வீட்டில் படுத்திருக்கும் மாட்டுக்காரருக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதை ஏற்பதற்கு நம்மிடையே எவருக்கும் மனம் வருவதில்லை.

கதிர்காம யாத்திரைக் காலத்தில் வடக்கிலிருந்து கால்நடையாக வரும் அடியார்கள் எங்கள் ஊரைக் கடந்து, மூதூர், வெருகல் வழியாகத் தெற்கே போவார்கள். விடியுமுன் நடப்பதுதான் அவர்களுக்குச் சுகம். வாகனங்கள் பின்னாலிருந்து வரும் இடப்பக்கமாகவே அவர்கள் நடப்பதைக் காண்கிறேன். வலப்பக்கமாக நடந்தால் எதிரே வரும் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கலாமே, ஆச்சி, என்று ஒருமுறை தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னேன். "முருகன் பின்னால வாறான் மகள்" என்று அவர் சிரித்தார். அவருடைய நம்பிக்கையில் நான் தலையிடவில்லை; அவருடைய பையில் ஒளி தெறிக்கும் பட்டியொன்றை ஒட்டிவிட்டு வந்தேன்.

பாடசாலை வாசலில் என் பங்கு வேறு. பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள், அதன் முன்புறமாகவே ஓடி வீதியைக் கடக்கிறார்கள். பேருந்துச் சாரதிக்கு அவர்கள் தெரிவதில்லை என்பதை அந்த முருங்கை மர ஞாயிறு எனக்குக் காட்டிவிட்டது. பேருந்தை முந்திவரும் லொறிக்கோ பிள்ளைகளுக்கு முன் பேருந்தே நிற்கிறது. பேருந்து புறப்பட்டுப் போகும் வரை ஓரத்தில் நில்லுங்கள் என்று ஒரு தவணை முழுவதும் நானும் இன்னோர் ஆசிரியரும் மாறி மாறி வாசலில் நின்று சொன்னோம். சொல்லிக்கொண்டிருக்கும் வரை நிற்கிறார்கள். மழை பெய்தால் எல்லாம் மறந்துபோகும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன், அங்கே பாதை ஓடியது. அந்த மிதவையை எங்கள் பக்கம் பாதை என்றுதான் சொல்வோம். சிறுமியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் நின்றிருக்கிறேன். லொறி ஏறுமுன் ஆட்கள் எல்லாரும் ஓரமாக ஒதுங்குவார்கள். கிளீனர் முன்னே நடந்து வந்து சாரதிக்குக் கைகாட்டுவார், லொறி நின்றதும் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார், சாரதி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார். பிறகு அதே சாரதி எங்களோடு தோளுரச நின்று கச்சான் கொட்டையை உடைத்துத் தின்பார். யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் லொறி அசைந்தால் எல்லோரும் தண்ணீருக்குள். இப்போது பாலத்தை அரை நிமிடத்தில் கடக்கிறோம். சாரதியின் முகத்தை நான் காண்பதில்லை, அவரும் என்னைக் காண்பதில்லை. பாதைக்காக ஏங்குகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். மழை நாளில் கர்ப்பிணிகள் அக்கரையில் காத்துக் கிடந்த கதைகள் எனக்கும் தெரியும்.

மீண்டும் மாமாவின் வளவுக்கு வருகிறேன். அந்த ஞாயிறு நான் ஸ்கூட்டரைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இடப்பக்கக் கண்ணாடியின் தண்டு தம்புள்ளைச் சந்தையில் வேறொரு லொறியில் உரசி வளைந்து, கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டிய சிறிய குவிவாடி விழுந்தே போயிருந்தது. முதலாளியிடம் சொல்லியாயிற்றாம். "அடுத்த நடை முடியட்டும்" என்று பதில் வந்ததாம். அதன் பின் ஐந்து நடை முடிந்திருந்தது. இடப்பக்கம் தெரியாமலே மாமா ஐந்து முறை கொழும்புக்குப் போய் வந்திருக்கிறார். "அப்ப ஏன் மாமா ஓடினீங்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கம்பியை இன்னொரு முறை முறுக்கினார். எனக்கு முதலாளியின் மேல் கோபம் வந்தது. மாமாவின் மேலும் வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். மாமி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார்.

மறு ஞாயிறு நான் நகரத்தில் உதிரிப்பாகக் கடையொன்றில் உள்ளங்கையளவு வட்டக் குவிவாடி இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் பாடசாலைக்குப் போய்வரும் பெற்றோல் செலவுதான். குவிவாடியில் உருவம் சிறுக்கும், ஆனால் காணும் பரப்பு அகலும் என்று வகுப்பில் எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன்! மாமா தண்டை நிமிர்த்தி, ஆணியை இறுக்கி, ஒன்றை இடப்பக்கக் கண்ணாடியின் கீழே பொருத்தினார். மற்றையதை முன் விளிம்பின் மேலே, லொறியின் காலடி தெரியும்படி சாய்த்து வைத்தார். பிறகு நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய், அன்று அவர் நின்ற அதே இடத்தில், கதவுக்கு நேரே நின்றேன். மாமா இருக்கையில் இருந்து கழுத்தைச் சற்று முன்னே நீட்டினார்.

"இப்ப தெரியுதா, மாமா?"

"தெரியுது. சுண்டுவிரல் அளவு தெரியுது. தலைக்கவசத்தின்ர வாரைப் பூட்டு பிள்ளை, திறந்து கிடக்குது."